எட்டுக் குரல் பிள்ளை

பொத்தான் ஆலையின் குழந்தைக் காப்பகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை யாரோ விட்டுவிட்டுப் போன ஆண் குழந்தை, அடுத்த புதன்கிழமைக்குள் எட்டுக் குரலில் அழக் கற்றுக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, எட்டும் ஒரே சமயத்தில். அந்த வாரம் ஆலையில் நான்கு துளைப் பொத்தான் பன்னிரண்டு மூட்டை கழிவில் போனது, மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, மேனேஜருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். இதையெல்லாம் பேசியவர்கள் எட்டுக் குரலைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. காது கேட்கிறவளுக்கு அது எட்டுக் குழந்தைகள் அழுவதாகத்தான் கேட்டது. கண்ணால் பார்க்கிறவளுக்குக் காது கேட்காது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஆலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்காக மாடிப்படிக்குப் பின்னால் இரண்டு அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். ஒன்றில் ஒன்பது தொட்டில்கள், மற்றதில் பாய்லர், பால் பவுடர் டப்பாக்கள், புட்டிகள். நீராவி குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ ஒரு சுகாதார அதிகாரி எழுதிவைத்துவிட்டுப் போனதால் இரண்டுக்கும் நடுவே சுவர். சுவரில் ஒரு புட்டி நுழையும் அளவுக்குத் துளை, துளைக்கு ஒரு மரமூடி. பால் அறையில் இருப்பவள் வேலை நேரத்தில் தொட்டில் அறைக்குள் கால் வைக்கக் கூடாது, கரியும் ஈரமும் கூடவே வரும் என்பது விதி. தொட்டில் அறைக்கு யாரைப் போடுவது என்பதிலும் ஆலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. துளை போடும் மெஷினில் இருபது வருஷம் நின்று காது போனவர்களை வீட்டுக்கு அனுப்ப மனசு வராமல், லேசான வேலை என்று சொல்லி அங்கே அனுப்புவார்கள். பிள்ளைகள் என்ன கத்து கத்தினாலும் அவர்களுக்குத் தலைவலி வராது என்று நிர்வாகம் நினைத்தது. அந்த நினைப்பில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் இருந்தவளைத் தொட்டிலக்கா என்றும் இந்தப் பக்கம் இருந்தவளைப் பாலக்கா என்றும் ஆலைப் பெண்கள் கூப்பிட்டார்கள். தொட்டிலக்காவுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள், புரியாததற்கும் புரிந்தமாதிரி தலையாட்டுவாள். பாலக்கா இருபத்தெட்டு வயதுக்காரி, ஆலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டரைக் கட்டிக்கொண்டவள், தன் காதைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உள்ளவள். சுவருக்கு அப்பால் அழுவது எந்தத் தொட்டில், அது பசியா, ஈரத்துணியா, பல் முளைக்கிற குடைச்சலா என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பசி என்று பட்டால் பாலைக் கலந்து துளைவழியே தள்ளுவாள். புட்டி வருவதைத் தொட்டிலக்கா பார்ப்பாள், எந்த வாய் திறந்திருக்கிறதோ அதில் வைப்பாள். கேட்கிறவள் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கிறவள் கேட்க வேண்டியதில்லை. ஆறு வருஷம் இப்படித்தான் நடந்தது, ஒரு புட்டிகூட வாய் மாறிப் போகவில்லை. வெளியூர் விருந்தாளிகள் வந்தால் மேனேஜர் இதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

மூன்றாவது தொட்டில் பாலக்காவின் சொந்த மகளுடையது. நான்கு மாதக் குழந்தை, எல்லாருக்கும் அவள் பாப்பா. பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் பாலக்காவுக்குப் பால் வற்றிவிட்டது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் மதிய மணி அடித்ததும் ஓடிவந்து மார் கொடுத்துவிட்டுப் போவார்கள், பாப்பாவுக்குப் புட்டி ஒன்றுதான் கதி. அவளுடைய குரல் மெல்லியது, ஒவ்வோர் அழுகையின் முடிவிலும் ஒரு சின்ன விக்கல் வரும். அந்த விக்கல் காதில் விழுந்தால் போதும், பாலக்காவின் கை தானாக டப்பாவைத் திறக்கும். பிள்ளையைப் பார்க்க முடியாத ஒன்பது மணி நேரத்தையும் அவள் அந்த விக்கலை வைத்துத்தான் ஓட்டினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி வாட்ச்மேன் வெகுநாள் கழித்துத்தான் வாய் திறந்தார். நல்ல உடுப்பு உடுத்திய ஒரு பெண் ஒரு வாரமாக எதிர்ச் சுவரோரம் வந்து நின்றுகொண்டிருந்தாளாம். தொட்டிலக்கா ஈரத்துணிகளைக் காயப்போடப் பின்புறம் போகும் பத்து நிமிஷத்தை அவள் நன்றாகக் கவனித்து வைத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டார். அந்தத் தெருவில் பஸ் வருவதில்லையே என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. துணி காயப்போட்டுவிட்டு வந்த தொட்டிலக்கா தொட்டில்களை எண்ணினாள், ஒன்பது. பிள்ளைகளை எண்ணினாள், ஒன்பது. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பதாவது தொட்டிலில் இருந்த இருமல் குழந்தை மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சின் மேல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்ததை மத்தியானத்துக்கு மேல்தான் கண்டார்கள். அதன் அம்மா ஆத்திரத்தோடு அதை வாரிக்கொண்டு போய்த் தன் அக்கா வீட்டில் விட்டாள், பிறகு காப்பகத்துக்குக் கொண்டுவரவே இல்லை. புதியவனின் மணிக்கட்டில், வேலை செய்கிறவர்களுக்கு எண் பொறித்துக் கொடுக்கும் ஆலையின் பித்தளை வில்லை கட்டியிருந்தது. அதில் இருந்த எண் முந்நூற்றுப் பதின்மூன்று. அப்படி ஒரு எண் ஆலையில் யாருக்கும் இல்லை, ஆனால் வில்லை அசல்தான்.

சாயங்காலம் எட்டு அம்மாக்களும் வந்து எட்டுப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்பதாவதற்கு யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்த தொட்டிலக்கா, நாளைக்கு வருவார்களாயிருக்கும் என்று அவனைத் தன் ஒற்றை அறை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த நாளை வரவே இல்லை.

முதல் நாள் முழுதும் அவன் அழாமல் கேட்டுக்கொண்டே கிடந்தான். புதன்கிழமை முதல் தொட்டிலின் குரலில் அழுதான், மறுநாள் இரண்டாவதின் குரலையும் சேர்த்துக்கொண்டான். நாளுக்கு ஒரு குரலாக எட்டும் சேர்ந்தபோது அவனுக்கென்று ஒரு குரல் மிச்சமிருந்ததா என்று தெரியவில்லை, யாரும் அதைக் கேட்டதில்லை. பாலக்கா எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் பசிப்பதை அதிசயமாக நினைக்கவில்லை. குளிர் தொடங்கிவிட்டது, பசிக்கத்தான் செய்யும் என்று எட்டுப் புட்டி கலந்து தள்ளினாள். அந்தப் பக்கம் தொட்டிலக்கா திறந்த வாயைத் தேடினாள். அவன் அழும்போது இரண்டு கைகளையும் தூக்கி விரிப்பான். உள்ளங்கைகளின் நடுவில் சிவந்து ஈரமாக, ஓரம் மஞ்சள் பூத்து, பசித்த குழந்தையின் வாய் அளவுக்கே ஒவ்வொரு வட்டம் இருந்தது. கை எது, வாய் எது என்று தொட்டிலக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரே இடத்தில் மூன்று வாய் திறந்திருக்கும்போது ஒற்றை வாய் இருக்கும் தொட்டில் பக்கம் அவள் கால் திரும்பவில்லை. சில தடவை புட்டியை உள்ளங்கையிலேயே வைத்துவிடுவாள். பால் முழங்கை வரை வழியும், அவன் நிதானமாகப் புட்டியை வாய்க்கு மாற்றிக்கொள்வான். எட்டையும் குடித்து முடித்தபிறகுதான் எட்டுக் குரலும் அடங்கும். பாலக்கா சுவருக்கு இந்தப் பக்கம் நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொள்வாள்.

மற்ற ஏழு பிள்ளைகளுக்கும் மதியமும் சாயங்காலமும் தாய்ப்பால் இருந்தது. வீட்டுக்குப் போனதும் பாய்ந்து பாய்ந்து குடித்தார்கள், வளர்கிற பிள்ளை என்று அம்மாக்கள் சந்தோஷப்பட்டார்கள். பாப்பா சில நாள் அழுதுபார்த்தாள். அவள் அழும்போதெல்லாம் புட்டி வரத்தான் செய்தது, பக்கத்தில் எங்கேயோ போனது. பிறகு அழுவதை விட்டுவிட்டாள். வீட்டிலும் அழவில்லை. பகலெல்லாம் வயிறு நிறையக் குடித்த பிள்ளை அசந்து தூங்குகிறாள் என்று பாலக்கா அவளை எழுப்பவில்லை. அந்த வாரங்களில் பாப்பாவின் சட்டை ஒவ்வொரு வாரமும் ஒரு விரற்கடை பெரிதாகிக்கொண்டே போனது. சலவையில் துணி இளகிவிட்டது என்று பாலக்கா கையை மடித்துத் தைத்தாள், பிறகு இன்னொரு மடிப்பு தைத்தாள். ஆறு மாதப் பிள்ளை பிறந்த அன்றைய அளவுக்குத் திரும்பி வந்திருந்தாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது. அதுவும் காதை நம்புகிறவளின் கண்.

தொட்டிலக்கா குடியிருந்த கட்டடத்தில் வேறு தொல்லை நடந்தது. அனுமதி இல்லாமல் ஒரு பொம்பளை எட்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து வைத்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் எழுதிப்போட்டார்கள். நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் பார்த்துவிட்டு ஒரு பிள்ளைதான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே தன் மகனுக்கு வாங்கி வைத்திருந்த ஆப்பிளை மசித்து அவனுக்கு ஊட்டிவிட்டுப் போனார். மாடிப்படியில் ஏறி இறங்கும் பெண்கள் கடையிலிருந்து வாங்கிவந்த ரொட்டியோடு அந்தக் கதவருகில் நிற்பார்கள், ஒரு துண்டு பிய்த்துக் கொடுப்பார்கள், பிறகு இன்னொன்று, கடைசியில் வெறும் பையோடு தங்கள் வீட்டுக்குப் போய் நிற்பார்கள். கட்டடத்தில் அவனுக்குக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு ஆலையிலும் அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மரமூடியின் கீல் உடைந்தது. பிட்டர் வந்து மூடியைச் சட்டத்தோடு கழற்றினார். தலை நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும், எந்த வேலையிலும் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தே பழகியவர், தலையை உள்ளே விட்டார். பின்னால் அவர் மனைவி அவசர அவசரமாகப் பால் கலந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை புட்டிடி கலக்குற?" என்று தலையை எடுக்காமலே கேட்டார்.

"எட்டு. எட்டும் அழுவுதே, காது கேக்கலையா உங்களுக்கு?"

"ஒண்ணுதான் அழுவுது."

"பாப்பா அழறா பாருங்க. விக்குறா பாருங்க."

பிட்டர் மூன்றாவது தொட்டிலைத் தேடிப் பார்த்தார். "முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா," என்றார். "இந்தப் பக்கமேதான் பாத்துக்கிட்டு இருக்கா. ஆனா வாய் மூடியிருக்கு."

பாலக்கா ஆறு வருஷ விதியை மிதித்துக்கொண்டு தொட்டில் அறைக்குள் போனாள். மகளின் விக்கல் அப்போதும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது, ஒன்பதாவது தொட்டிலிலிருந்து. மூன்றாவது தொட்டிலில் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குழந்தை, தைத்துத் தைத்து மடித்த சட்டைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது. அதன் பார்வையில் கோபம் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. பாலக்கா மகளை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு, இவ்வளவு நாளும் யாருக்கு ஊட்டினேன், யாருக்கு ஊட்டினேன் என்று தொட்டிலக்காவைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். தொட்டிலக்கா உதட்டைப் பார்த்தாள், புரிந்தது, இந்தத் தடவை தலையாட்டவில்லை.

வியாழக்கிழமைதோறும் ஆலைக்கு வருகிற டாக்டர் பாப்பாவை நிறுத்துப் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். பறவைகளில் ஆர்வம் உள்ள மனிதர். குயிலினத்தில் இது சாதாரணம் என்றார். தான் கூடு கட்டாது, இன்னொன்றின் கூட்டில் ஒரு முட்டையைத் தள்ளிவிட்டு அங்கே தன் முட்டையை இடும். குஞ்சு பொரிந்ததும் ஒரு கூடு நிறையக் குஞ்சுகள் கத்துவதுபோல் ஒன்றே கத்தும். சில வகைகளுக்கு இறகுக்கு அடியில் வாய் நிறத்திலேயே ஒரு திட்டு உண்டு, அதையும் தூக்கிக் காட்டும். ஒரு பொடிப் பறவை தன்னைப்போல் மூன்று மடங்கு இருக்கும் குஞ்சின் தோளில் ஏறி நின்று ஊட்டியதை அவரே பார்த்திருக்கிறார். அதை முட்டாள் என்று சொல்லக் கூடாது, திறந்த வாயைப் பார்த்தால் ஊட்டுகிற மாதிரிதான் அது அமைந்திருக்கிறது, ஊட்டாவிட்டால் அதன் இனமே இருக்காது என்று ரசித்துச் சொன்னார்.

"அந்தப் பறவையோட சொந்தக் குஞ்சு என்ன ஆச்சு டாக்டர்?" என்று பாலக்கா கேட்டாள்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து ஒரு டானிக் எழுதினார். எழுதி முடித்த பிறகு, பாப்பாவுக்குப் பால் கொடுத்தால் குடிக்கிறாள், அதனால் இனிமேல் குறைய மாட்டாள், ஆனால் கேட்க மறந்துவிட்டாள், பசித்து வாய் திறந்து கேட்காத குழந்தை வளராது என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பாலக்கா மகளைப் பால் அறையிலேயே ஓர் அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து மணிக்கொரு தடவை ஊட்டினாள். பாப்பா மறுக்காமல் குடித்தாள், ஒரு குன்றிமணி எடைகூட ஏறவில்லை. இரண்டாவது வாரம் நீராவியில் அவளுக்கு இருமல் கண்டது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பாப்பா மூன்றாவது தொட்டிலுக்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. மூன்றாவது தொட்டில் தெரியும்படி பிட்டர் சுவரில் ஒரு கண்ணாடி பதித்துக் கொடுத்தார். பாய்லர் சூடேறியதும் கண்ணாடி வெள்ளையாகிவிடும், துடைத்தால் ஒரு நிமிஷம் தெரியும். பாப்பாவுக்கு உரிய புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, கடிகாரத்தைப் பார்த்து அனுப்புவது என்று அக்காமார் இருவரும் பேசி முடிவுசெய்தார்கள்.

கூட்டத்தை என்ன செய்வது என்று மேனேஜருக்குப் புரியவில்லை. எந்தப் பிரிவின் கீழ் இது வரும் என்று இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டிவிட்டுப் பக்கத்து ஊர் அநாதை இல்லத்துக்குப் போன் செய்தார். போனில் பின்னணியில் கேட்ட அழுகையை வைத்து, ஒரேயடியாக எட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ள எங்களிடம் இடமில்லை என்று இல்லத் தலைவி மறுத்துவிட்டாள். பாலக்கா தன் வழியில் தீர்ப்பு சொன்னாள். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். தொட்டிலக்கா பிள்ளைகளின் வாயைப் பார்த்து விரலால் எண் காட்ட, அதன்படி மட்டும் புட்டி அனுப்பினாள். ஒன்பதாவது தொட்டிலுக்கு நாளுக்கு நான்கு, மற்ற எல்லாருக்கும் போல. எட்டுப் புட்டி பழகியவன் நாள் முழுதும் அழுதான். பஞ்சையும் தாண்டி அது வந்தது. ஆனால் எட்டு எட்டாக நிற்கவில்லை. பால் கொண்டுவராத குரலை அவன் ஒவ்வொன்றாக விட்டுவிட்டான். முதல் தொட்டிலின் குரல் போனது, ஏழாவதுடையது போனது, இரண்டாவது, ஐந்தாவது என்று நாளுக்கு ஒன்றாக உதிர்ந்தன. எட்டாம் நாள் ஒரு குரல்தான் மிஞ்சியிருந்தது. மெல்லிய குரல், முடிவில் ஒரு சின்ன விக்கல். எதற்குப் பால் மிகச் சீக்கிரம் வந்ததோ அதை அவன் கடைசிவரை வைத்துக்கொண்டான்.

பாலக்கா பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். அழுவது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் எதற்காக அந்தக் குரலில் அழுகிறான் என்பதும் தெரியும். தெரிந்தே பாலைக் கலந்தாள், கலக்கும்போது விசும்பி விசும்பி அழுதாள். இந்த உலகத்தில் அவள் மகளின் குரல் இருந்த இடம் அது ஒன்றுதான். மறு வாரம் அநாதை இல்லத்திலிருந்து, ஒரு பிள்ளைதான் என்றால் அனுப்புங்கள் என்று தகவல் வந்தபோது அவளே மேனேஜர் அறைக்குப் போய் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஒன்பதாவது தொட்டிலையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் செய்தாள். கூட்டம் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டதைப் பாப்பாவும் ஒருநாள் கேட்டுக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்பது அவள் கணக்கு. வாங்கிக்கொண்டால் வாய் திறப்பாள், திறந்தால் வளர்வாள். பிட்டர் இதைக் கேட்டுவிட்டு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் வளர்ந்தான். வந்த ஐந்தாம் மாதம் தொட்டிலுக்கு வெளியே கால் நீட்டினான், பிட்டர் இரண்டு தொட்டில்களை ஒன்றாகத் திருகிக் கொடுத்தார். ஏழாம் மாதம் தொட்டிலக்காவின் தோளுக்கு வந்தான். ஒன்பதாம் மாதம் அவள் முக்காலியில் ஏறி நின்று அவன் வாயில் புட்டியை வைத்தாள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து நான்கு மாதப் பெண்குழந்தையின் குரல் வந்தது. மதிய மணிக்கு வருகிற பெண்கள் தங்கள் சாப்பாட்டில் ஒரு வாய் அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளையை எடுப்பார்கள். பக்கத்துத் தொட்டிலில் பாப்பா பிறந்த அன்றைய அளவிலேயே கிடந்து, நூல் கட்டிய புட்டியைக் குடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஏழும் தவழ்ந்தன, அவற்றுக்குப் பல் முளைத்தது, ஒன்று எழுந்து நின்று விழுந்தது. பாலக்கா நாளுக்கு நூறு தடவை கண்ணாடியைத் துடைத்தாள்.

பத்தாம் மாதம், காற்று திசை மாறிய ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் தொட்டிலை விட்டு இறங்கி, கதவைத் திறந்துகொண்டு, வாட்ச்மேனைத் தாண்டித் தெற்கே திரும்பி நடந்தான். வழி யாரும் சொல்லித் தரவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. சந்தையைக் கடக்கும்போது ஒரு பெண் தன் பையிலிருந்து ரொட்டி கொடுத்ததையும், லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பிஸ்கட் கொடுத்ததையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவனை யாரும் பார்க்கவில்லை. தொட்டிலக்கா ஒரு வாரம் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டாள். அவன் உன்னை ஏமாற்றிவிட்டுப் போனான் என்று கட்டடத்துப் பெண்கள் சொன்னபோது மறுத்தாள். "அவன் பொய் சொல்லலை," என்றாள். "அவனுக்கு வந்த பசி அப்படி. நான் வாயைப் பாத்தேன், குடுத்தேன்." அதற்குமேல் அவர்கள் உதட்டைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

பாலக்காவுக்கு இடி விழுந்தமாதிரி ஆயிற்று. அவனோடு மகளின் குரலும் போய்விட்டது. இனிமேல் எங்கேயோ ஓர் ஊரில், யாரோ ஒருத்தி அந்த விக்கலைக் கேட்டுப் பை திறப்பாள். சுவருக்கு அப்பால் ஏழு குரல்கள் வந்து போயின, ஏழும் அவளுக்கு அத்துப்படி. எட்டாவது வரும் என்று காத்திருப்பதை அவள் நிறுத்திவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்து நூல் கட்டிய புட்டியை அனுப்பினாள், கண்ணாடியைத் துடைப்பதையும் விட்டுவிட்டாள். இப்படி மூன்று வாரம் போனது.

நான்காவது வாரத்தில் ஒரு முற்பகல், நூல் கட்டிய புட்டிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கும்போது, சுவருக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. தரையில் நாற்காலி இழுப்பதுபோல் கரகரத்த, அடித்தொண்டைக் குரல். பாலக்கா அதை அதற்குமுன் கேட்டதில்லை. ஏழில் ஒன்று இல்லை, கூட்டம் அழுத எட்டில் எதுவும் இல்லை. ஒன்பதாவது தொட்டில் காலியாக இருப்பது அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. வாட்ச்மேன் மறுபடி அசந்திருக்கிறார், மறுபடி எவளோ வந்திருக்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவை பட்டது போதும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் நிற்கவில்லை. இழுத்து இழுத்து, பழக்கமில்லாதவர்கள் பாடுவதுபோல் தாறுமாறாக அழுதது. அது பசிதான், ஈரத்துணி இல்லை, பல் இல்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கை டப்பாவை நோக்கித் தானாகப் போகவில்லை. இந்த ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் கையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மகளைப் பறிகொடுத்த பத்து மாதத்தையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து பாலைக் கலந்தாள். "யார் பெத்ததோ, பசிக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நூல் கட்டாத புட்டியைத் துளைவழியே தள்ளினாள்.

குரல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் துளைக்கு அந்தப் பக்கம் தொட்டிலக்காவின் முகம் தெரிந்தது, காலிப் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு குடு."

பாலக்கா அவள் பார்க்கும்படி உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள். "யாருக்கா அது? யார் விட்டுட்டுப் போனா?"

"யாரும் விடலை. பாப்பாதான்."

"அது பாப்பா குரல் இல்லக்கா."

"குரலை நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் தொட்டிலக்கா. "வாய் அவளோடது."

பாலக்கா இரண்டாவது புட்டியைக் கலந்தாள். பவுடர் மேஜையெல்லாம் சிந்தியது. அன்றிலிருந்து பாப்பா அந்தக் குரலில்தான் அழுதாள், பிறகு அதே குரலில் பேசினாள், ஒரு வருஷத்தில் வயதுக்குரிய உயரத்தை எட்டிப்பிடித்தாள். ஆலையில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, அந்த மாதம் பொத்தான் விலை இறங்கியிருந்தது. பாலக்காவின் காதுக்கு மட்டும் அந்தக் குரல் பழகுவதற்கு வெகுநாள் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ தெரியாத பிள்ளை அழுவதாகவே முதலில் கேட்கும், ஒவ்வொரு தடவையும் எழுந்து பால் கலப்பாள்.